கூப்பிட்டால் சிப்பாய், திரும்பி வந்தால் யார்?

பஹல்காமில் சுற்றுலாப் பயணிகள் சுட்டுக் கொல்லப்பட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. 2025 மே 6ஆம் தேதியிட்டு பாதுகாப்பு அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. பிராந்திய ராணுவ விதிகள் 1948இல் உள்ள 33ஆம் விதியின்படி, பிராந்திய ராணுவத்தின் எந்த அதிகாரியையும் எந்த வீரரையும் பணிக்கு அழைத்துக்கொள்ளும் அதிகாரம் தரைப்படைத் தலைமைத் தளபதிக்கு வழங்கப்பட்டது. அந்தப் படையில் உள்ள 32 காலாட்படை பட்டாலியன்களில் 14ஐ நாட்டின் பல கமாண்டுகளில் நிறுத்தவும் ஒப்புதல் கிடைத்தது. 2028 பிப்ரவரி 9 வரை இந்த உத்தரவு செல்லும்.

தோனி எல்லைக்குப் போவாரா என்பதுதான் அந்த வாரம் தொலைக்காட்சிகளில் ஓடிய கேள்வி. 2011இல் பிராந்திய ராணுவத்தின் பாராசூட் பட்டாலியனில் கௌரவ லெப்டினன்ட் கர்னலானவர் அவர். 2009இலேயே மோகன்லாலுக்கும் அதே கௌரவம் கிடைத்திருந்தது. ஆனால் அந்த அழைப்பு உண்மையில் யார் வீட்டுக்குப் போய்ச் சேரும் என்பதைப் பற்றி அதிகம் பேச்சில்லை. லேத் பட்டறையில் நிற்பவர், மினி லாரி ஓட்டுபவர், இரண்டு ஏக்கரில் மக்காச்சோளம் போட்டிருப்பவர், ரயில்வே பணிமனையில் வேலை பார்ப்பவர் எனச் சாதாரணத் தொழில் செய்யும் மனிதர்களுக்கு வரும் அழைப்பு அது. வந்தால் தட்ட முடியாது. போய் நிற்க வேண்டும். போய் நிற்கவும் செய்கிறார்கள்.

இவர்களில் பெரும்பாலோர் பணி முடிந்து ஊர் திரும்பிய பிறகு, அரசின் கணக்கில் 'முன்னாள் படைவீரர்' இல்லை. எக்ஸ்-சர்வீஸ்மேன் கார்டு கேட்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனால் கையில் கிடைப்பது மறுப்புதான்.

இந்தக் கட்டுரை அந்த அட்டையைப் பற்றியது.

டி.ஏ. என்றால் என்ன?

பிராந்திய ராணுவத்தை, அதாவது டெரிட்டோரியல் ஆர்மி என்பதைச் சுருக்கி எல்லோரும் 'டி.ஏ.' என்பார்கள். வெள்ளையர் ஆட்சியில் 1920இல் தொடங்கிய ஒரு துணைப்படைதான் இதன் மூதாதை. விடுதலைக்குப் பிறகு 1948இல் தனிச் சட்டம் வந்தது. 1949 அக்டோபர் 9 அன்று இந்தப் படையை முறைப்படி தொடங்கி வைத்தவர் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. அந்த நாளைத்தான் இன்றும் டி.ஏ. தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

இதன் அடிப்படை எளிமையானது. ஒருவருக்குச் சொந்தமாகத் தொழிலோ வேலையோ இருக்க வேண்டும். வயது 18 முதல் 42க்குள். முதல் ஆண்டில் ஏறக்குறைய ஒரு மாதம் அடிப்படைப் பயிற்சி. அதன்பின் ஆண்டுக்கு இரண்டு மாதம் வரை முகாம். மற்ற நாள்களில் அவர் ஊரில் தன் பிழைப்பைப் பார்க்கலாம். நாட்டுக்குத் தேவைப்படும்போது பட்டாலியனை எழுப்புவார்கள். அதற்கு 'எம்பாடிமென்ட்' என்று பெயர். எம்பாடி ஆன நாளிலிருந்து நிரந்தர ராணுவ வீரருக்கு என்ன சம்பளமோ, என்ன சட்டமோ, என்ன தண்டனையோ, அதெல்லாம் இவருக்கும் உண்டு. தேவை முடிந்தால் 'டிஸ்எம்பாடி' செய்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சம்பளம் அன்றோடு நின்றுவிடும்.

தமிழ்நாட்டுக்கு இது அந்நியமான படை அல்ல. கோவையில் 110ஆவது காலாட்படை பட்டாலியன் இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்தது. திருச்சியில் 117ஆவது பட்டாலியன். 2024 நவம்பரில் கோவையில் நடந்த ஆள்சேர்ப்பு முகாமுக்குப் பல மாநிலங்களிலிருந்து இளைஞர்கள் ரயிலேறி வந்து குவிந்தார்கள்.

பகுதிநேரப் படை என்றதும் கொடியேற்று விழாவில் அணிவகுக்கும் கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். 1962, 1965, 1971 போர்க்காலங்களில் டி.ஏ. பிரிவுகள் பணியில் இருந்தன. இலங்கைக்கு இந்திய அமைதிப்படை போன 'ஆபரேஷன் பவன்' நடவடிக்கையிலும் பங்கு உண்டு. பஞ்சாப், காஷ்மீர், வடகிழக்கு என எங்கெல்லாம் நீண்டகாலக் கிளர்ச்சி ஒடுக்கும் பணி நடந்ததோ அங்கெல்லாம் இவர்கள் ஆண்டுக்கணக்கில் காவல் நின்றிருக்கிறார்கள். 2019இல் அசோக சக்கரம் பெற்ற லான்ஸ் நாயக் நசீர் அகமது வானி, 2004இல் டி.ஏ.வில் சேர்ந்தவர். 2018 நவம்பரில் ஷோபியானில் தீவிரவாதிகளுடன் மோதி உயிர் விட்டார். அமைதிக்காலத்தில் நாட்டின் மிக உயர்ந்த வீர விருது, 'பகுதிநேர' வீரர் ஒருவரின் மனைவியிடம் கொடுக்கப்பட்டது.

2022 ஜூன் 30ஐ நினைத்துப் பாருங்கள். மணிப்பூரின் நோனே மாவட்டத்தில், ஜிரிபாம் - இம்பால் ரயில் பாதை வேலை நடந்த துபுல் என்ற இடத்தில் மலை சரிந்தது. பாதைக்குக் காவலாக அங்கே முகாமிட்டிருந்தது 107ஆவது டி.ஏ. பட்டாலியனின் ஒரு பிரிவு. தூக்கத்திலேயே மண்ணுக்குள் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் டி.ஏ. வீரர்கள். 2024 ஜூலை இறுதியில் வயநாட்டின் சூரல்மலையும் முண்டக்கையும் நிலச்சரிவில் அழிந்தபோது, ஓடிப்போய் மீட்பில் இறங்கிய ராணுவப் பிரிவுகளில் 122ஆவது டி.ஏ. பட்டாலியனும் ஒன்று. அதுவும் மெட்ராஸ் ரெஜிமென்ட் வழி வந்ததே.

இப்படிப்பட்ட பணியில் எட்டு ஆண்டோ பத்து ஆண்டோ இருந்துவிட்டு, உயிரோடு ஊர் திரும்பிய ஒருவரை என்னவென்று அழைப்பது? கிராமத்தில் அவருக்குப் பெயர் உண்டு. பட்டாளத்துக்காரர் என்பார்கள், தேர்தல் தகராறு என்றாலும் கோயில் நிலத் தகராறு என்றாலும் அவரைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். அரசிடம்தான் பெயர் இல்லை.

மூன்று நிபந்தனை

முன்னாள் படைவீரர் யார் என்பதை முடிவு செய்வது, மத்திய அரசுப் பணிகளில் அவர்களை மறுபடி வேலைக்கு அமர்த்துவதற்காக 1979இல் போடப்பட்ட விதிகள். இவை பலமுறை திருத்தப்பட்டவை. ஒருவர் எந்த ஆண்டில் பணியிலிருந்து வந்தார் என்பதைப் பொறுத்து இலக்கணமே மாறும். 1968க்கு முன் வந்தவருக்கு ஒன்று, 1979க்குப் பின் வந்தவருக்கு இன்னொன்று, 1987 ஜூலைக்குப் பின் வந்தவருக்கு வேறொன்று. இன்று நடைமுறையில் இருக்கும் இலக்கணம், அடிப்படையில் தரைப்படை, கடற்படை, விமானப்படையின் நிரந்தரப் பணியில் இருந்தவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. டி.ஏ. கடைசி வரிகளில் வருகிறது. 1986 நவம்பர் 15ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பணியை முடித்த டி.ஏ. வீரர்களில் மூன்றே வகையினர் முன்னாள் படைவீரர் ஆகலாம். தொடர் எம்பாடி சேவைக்காக ஓய்வூதியம் பெறுபவர்; ராணுவப் பணியால் உடல் பாதிக்கப்பட்டவர் என்று ஏற்கப்பட்டவர்; வீர விருது பெற்றவர்.

இதை நிதானமாகப் படித்தால் மனம் கனத்துப் போகும். பென்ஷன் வேண்டும், இல்லாவிட்டால் காயம் வேண்டும், அதுவும் இல்லாவிட்டால் பதக்கம் வேண்டும். அழைத்தபோதெல்லாம் போய், கொடுத்த பணியைக் குறையில்லாமல் செய்து, கை கால் முழுதாக வீடு திரும்பிய சாதாரண வீரருக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

பென்ஷன் வாங்கிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் கணக்கு உதைக்கிறது. டி.ஏ.வில் அதிகாரிகளுக்கு 20 ஆண்டு, மற்றவர்களுக்கு 15 ஆண்டு எம்பாடி சேவை சேர வேண்டும். படையில் இருந்த மொத்த ஆண்டுகள் அல்ல. எம்பாடியாக இருந்த காலம் மட்டும். நடுவில் வீட்டுக்கு அனுப்பிய மாதங்கள் கணக்கில் வராது. எத்தனை நாள் எம்பாடியாக இருப்பது என்பது வீரரின் விருப்பமா? இல்லை. பட்டாலியனை எப்போது எழுப்புவது, எப்போது கலைப்பது என்பதை அரசுதான் முடிவு செய்கிறது. இன்னும் நீண்ட நாள் இருக்கிறேன் என்று அவர் கெஞ்சினாலும் நடக்காது. தன் கையில் இல்லாத ஒன்றை வைத்து அவருடைய அடையாளம் அளக்கப்படுகிறது.

கோவைப் பக்கம் ஒரு தறிப்பட்டறைத் தொழிலாளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 22 வயதில் டி.ஏ.வில் சேர்கிறார். இருபது ஆண்டு படைப்பட்டியலில் பெயர் இருக்கிறது. அதில் காஷ்மீரிலும் அசாமிலும் சேர்த்துப் பதினான்கு ஆண்டு எம்பாடி. மீதி ஆறு ஆண்டு முகாமுக்கும் பட்டறைக்கும் இடையே கழிகிறது. பதினைந்துக்கு ஓர் ஆண்டு குறைவு. அவர் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகிறார். "டிஸ்சார்ஜ் பேப்பர் கொண்டாந்தீங்களா? பென்ஷன் ஆர்டர் எங்கீங்க?" முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது, இரண்டாவதற்கு இல்லை. மேசைக்கு அப்பால் இருக்கும் எழுத்தரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விதி புத்தகத்தில் இருப்பதைத்தான் அவர் பார்க்க முடியும்.

துறைசார் டி.ஏ. பிரிவுகளின் நிலை இதைவிடக் கடினம். ரயில்வே, எண்ணெய் நிறுவனங்கள் போன்றவற்றின் ஊழியர்களைக் கொண்டவை இவை. போர் வந்தால் ரயிலும் எரிபொருளும் நிற்காமல் பார்த்துக்கொள்ள உருவாக்கப்பட்டவை. 1974 ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது ரயில்வே டி.ஏ. பிரிவுகள் எழுப்பப்பட்டன. இவர்களுக்கு ஆண்டுப் பயிற்சி உண்டு, சீருடை உண்டு. எம்பாடி ஆவது மிக அரிது. முப்பது ஆண்டு டி.ஏ.வில் இருந்தாலும் பதினைந்து ஆண்டு எம்பாடி சேவை சேர வாய்ப்பே கிடையாது. ஆறு ரயில்வே டி.ஏ. ரெஜிமென்ட்டுகளில் ஐந்தைக் கலைக்க 2023இல் முடிவானது. அந்தப் பிரிவுகளோடு அவற்றில் இருந்தவர்களின் சேவையும் ஏட்டோடு மூடிவிட வேண்டியதுதானா?

நீதிமன்றப் படிகளில்

ஓய்வூதியமும் தகுதியும் டி.ஏ. வீரர்களுக்கு எவ்வளவு தூரம் மறுக்கப்பட முடியும் என்பதற்கு உச்ச நீதிமன்றத்தில் 2021 டிசம்பர் 17 அன்று தீர்ப்பான பாணி ராம் வழக்கு ஒரு சான்று. அவர் காலாட்படையில் ஏறக்குறைய 25 ஆண்டு பணி செய்து ஓய்வு பெற்றவர். 2007இல் டி.ஏ.வின் சுற்றுச்சூழல் பட்டாலியன் ஒன்றில் மறுபடி சேர்ந்தார். மரம் நட்டு மலைகளை மீட்கும் இந்தச் சுற்றுச்சூழல் பட்டாலியன்கள் முன்னாள் வீரர்களைக் கொண்டே 1980களில் தொடங்கப்பட்டவை. 2009இல் விடுப்பில் இருந்தபோது பெரிய விபத்து. கால் துண்டிக்கப்பட்டது. 80 விழுக்காடு உடல் பாதிப்பு என்று கணித்து 2012 தொடக்கத்தில் பணியிலிருந்து அனுப்பினார்கள்.

உடல்பாதிப்பு ஓய்வூதியம் கேட்டபோது வந்த பதில் இது: சுற்றுச்சூழல் பட்டாலியன்காரர்களுக்கு ஓய்வூதியப் பலன்கள் கிடையாது என்று 2008இல் ஒரு கடிதம் இருக்கிறது, அதை ஏற்பதாக நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஆயுதப்படைத் தீர்ப்பாயமும் அவருக்கு எதிராகத்தான் சொன்னது. நீதிபதிகள் நாகேஸ்வர ராவ், கவாய் அமர்வு இதை ஏற்கவில்லை. டி.ஏ. வீரருக்கும் உடல்பாதிப்பு ஓய்வூதியம் உண்டு என்று விதிகள் சொல்லும்போது ஒரு கடிதத்தால் அதைப் பறிக்க முடியாது. ஒரு சாதாரணச் சிப்பாயும் இந்திய அரசும் சமபலத்தோடு பேரம் பேசியதாகக் கொள்ளவும் முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். 2012 ஜனவரி 1 முதல் ஓய்வூதியம் கொடுக்க உத்தரவானது. கால் போன மனிதர் ஆண்டுக்கணக்கில் போராடி, நீயும் வீரன்தான் என்று நீதிமன்றத்தைக் கொண்டு சொல்ல வைக்க வேண்டியிருந்தது.

ரிசர்வ் என்ற ஏற்பாட்டின் இன்னொரு முகம் கடற்படையில் இருந்தது. ஒருகாலத்தில் மாலுமிகள் பத்து ஆண்டு கப்பலில், அதன்பின் பத்து ஆண்டு ஃப்ளீட் ரிசர்வில் என்ற ஒப்பந்தத்தோடு சேர்க்கப்பட்டார்கள். ரிசர்வில் இருக்கும்போது அழைத்தால் வர வேண்டும். முடிவில் ரிசர்விஸ்ட் பென்ஷன். 1976 ஜூலை 3 அன்று ஃப்ளீட் ரிசர்வ் கைவிடப்பட்டது. பத்து ஆண்டு முடித்து வெளியே வந்த மாலுமிகளுக்கு அடுத்த பத்து ஆண்டு என்ற பாதி இல்லாமலே போயிற்று, அதோடு பென்ஷனும். பல தீர்ப்பாயங்கள், பல மனுக்கள். 2016 அக்டோபரில், டி.எஸ். தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது: ரிசர்வில் சேர்க்கப்படாதவர்களுக்கு ரிசர்விஸ்ட் பென்ஷன் கிடையாது, ஆனால் சிறப்பு ஓய்வூதியத்துக்கு அவர்கள் உரியவர்கள். இடையில் கழிந்தது நாற்பது ஆண்டு. இருபது வயதில் கப்பலேறிய இளைஞர்கள் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள்.

இரண்டு வழக்குகளிலும் நோய் ஒன்றுதான். வீரர் ஒப்புக்கொண்டதை அவர் செய்து முடிக்கிறார். அரசு தன் தேவைக்கேற்பத் திட்டத்தை மாற்றுகிறது. மாற்றத்தின் செலவு வீரர் தலையில் விழுகிறது.

ஓர் அட்டை என்ன செய்யும்?

முன்னாள் படைவீரர் அட்டையை வெறும் பெருமைக்குரிய அட்டையாக நினைப்பவர்கள் வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போன்ற பட்டாளக் கிராமங்களில் ஒருநாள் இருந்து பார்க்க வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவதிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. பிள்ளைகளுக்குப் பிரதமர் பெயரிலான கல்வி உதவித்தொகை, பொறியியல் கலந்தாய்வில் படைவீரர் வாரிசு ஒதுக்கீடு, மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளில் 10 விழுக்காடும் பழைய 'டி' பிரிவுப் பணிகளில் 20 விழுக்காடும் இட ஒதுக்கீடு, தமிழக அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் தொழில் கடன் என்று நீள்கிறது பட்டியல். ஓய்வூதியமும் சேர்ந்தால், 2003இல் தொடங்கிய இசிஎச்எஸ் மருத்துவத் திட்டமும் உண்டு.

இதில் மனத்தை மிகவும் உறுத்துவது ஒன்று. மத்திய சைனிக் போர்டு, ஓய்வூதியம் இல்லாமல் வறுமையில் வாடும் 65 வயதைக் கடந்த முன்னாள் வீரர்களுக்கு மாதாந்திர உதவி தருகிறது. 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பரிலிருந்து 8,000 ரூபாயாக உயர்ந்தது. நல்ல காரியம், வரவேற்க வேண்டியது. ஆனால் அதைப் பெற முதலில் 'முன்னாள் படைவீரர்' ஆக இருக்க வேண்டும். காயமோ பதக்கமோ இல்லாத டி.ஏ. வீரர் முன்னாள் படைவீரர் ஆக, ஓய்வூதியம் வேண்டும். ஓய்வூதியம் இல்லாதவர்களுக்கென்றே இருக்கும் உதவி, ஓய்வூதியம் இல்லை என்ற ஒரே காரணத்தால் அவருக்குக் கிடைக்காமல் போகிறது. டிசம்பர் 7 அன்று கொடிநாளுக்கு உண்டியலில் போடும் நம் பணம்தான் இத்தகைய உதவிகளுக்குப் போகிறது. போடும்போது நாம் யாரும், ஓய்வூதியம் பெற்ற வீரருக்கு மட்டும் என்று நினைத்துப் போடுவதில்லை.

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லியாக வேண்டும். அது வலுவானது. முன்னாள் படைவீரர் என்ற தகுதியோடு வேலை ஒதுக்கீடு, மருத்துவம், கேன்டீன், கல்வி இடங்கள் எல்லாம் ஒட்டியிருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு மாதம் முகாமுக்கு வந்தவரையும், பதினேழு ஆண்டுப் பணியில் சியாச்சின் பனியிலும் உறைந்தவரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் இருக்கும் இடங்கள் பங்குபோய்விடும். முப்பத்தைந்து வயதில் வீட்டுக்கு வந்து வேலை தேடும் நிரந்தரப்படை வீரர்களே ஒதுக்கீட்டு இடங்கள் நிரப்பப்படாமல் கிடப்பதாக வருந்தும்போது, கூட்டத்தை அதிகமாக்குவது நியாயமா? இந்தக் கவலையை யாரும் தள்ளிவிட முடியாது.

ஆனால் இந்த வாதம் சலுகைகளைப் பற்றியது. அடையாளத்தைப் பற்றியது அல்ல. இரண்டும் ஒரே அட்டையில் ஒட்டிக்கிடப்பதால்தான் சிக்கல். பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். நேர்மையாகப் பணி முடித்து வெளியே வந்த ஒவ்வொருவருக்கும், எம்பாடி சேவை எத்தனை ஆண்டு என்று அச்சிட்ட ஒரு படைவீரர் அட்டை. எந்தச் சலுகைக்கு எத்தனை ஆண்டு சேவை வேண்டும் என்பதை அந்தந்தத் திட்டம் தனித்தனியே வகுத்துக்கொள்ளட்டும். வேலை ஒதுக்கீட்டுக்குக் கடுமையான அளவு, வறுமை உதவிக்கு எளிய அளவு. இதைத்தான் இந்தக் கட்டுரை கேட்கிறது.

மற்ற நாடுகள் எப்படிச் செய்தன

அமெரிக்காவுக்கும் இதே தலைவலி நெடுங்காலம் இருந்தது. அங்கே நேஷனல் கார்டு, ரிசர்வ் என்று லட்சக்கணக்கானோர் மாதம் ஒரு வாரக்கடைசியும் ஆண்டுக்கு இரண்டு வாரமும் பயிற்சிக்கு வருகிறார்கள். இப்படி இருபது ஆண்டு முடித்தால் அறுபது வயதில் ஓய்வூதியம் உண்டு. ஆனால் சட்டத்தின் பார்வையில் அவர் 'வெட்டரன்' அல்ல. அந்தச் சொல்லுக்கு அவர்கள் சட்டம் கேட்பது முழுநேரப் பணி. பயிற்சிக்காக வந்த நாள்கள், பயிற்சியில் காயப்பட்டால் ஒழிய, அதில் சேராது. ராணுவ ஓய்வூதியம் வாங்கும் மனிதர் படைவீரர் நாள் விழாவில் எழுந்து நிற்கத் தயங்கும் நிலை.

2016 டிசம்பர் 16 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட ஒரு சட்டம் இதை மாற்றியது. ரிசர்வில் இருபது ஆண்டு முடித்தவர்கள் வெட்டரன் என்று மதிக்கப்படுவார்கள். ஆனால் அந்தப் பெயரை மட்டும் காட்டிப் புதிய சலுகை எதையும் கோர முடியாது என்று அந்தச் சட்டமே தெளிவாகச் சொன்னது. அரசுக்கு ஒரு டாலர் செலவில்லை. அங்குள்ள ரிசர்வ் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் கேட்டது அந்த மரியாதையைத்தான்.

அங்கும் காகிதத்தில் சிக்கல் தொடர்ந்தது. 2015இல் வெட்டரன்களுக்கு அடையாள அட்டை தரச் சட்டம் வந்தது. 2017 இறுதியில் விண்ணப்பம் வாங்கத் தொடங்கினார்கள். அதற்கு முக்கிய ஆதாரம் முழுநேரப் பணியிலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கும் 'டிடி-214' என்ற சான்றிதழ். முழுநேரப் பணிக்கு அழைக்கப்படாத ரிசர்விஸ்ட்டிடம் அந்தத் தாள் எப்படி இருக்கும்? ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு பிரிவும் வேறு வேறு படிவம் கொடுத்து வந்தன. ரிசர்வ் வீரர்களின் மொத்தச் சேவையையும் ஒரே இடத்தில் காட்டும் பொதுப் படிவம் ஒன்றை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2025இல்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சலுகைகளுக்கு அவர்கள் தனித்தனி அளவுகோல் வைத்திருக்கிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. உதாரணமாக, ரிசர்வில் ஆறு ஆண்டு இருந்தாலே அரசு உத்தரவாதத்தோடு வீட்டுக் கடன் கிடைக்கும்.

பிரிட்டன் இன்னும் ஒரு படி மேலே. முழுநேரப் படையோ ரிசர்வோ, ஒரே ஒரு நாள் சம்பளத்துக்குப் பணி செய்திருந்தாலும் அவர் அங்கே வெட்டரன்தான். படையை விட்டு வருபவர்களுக்கு 2018 இறுதியிலிருந்து அட்டை தானாகவே கிடைக்கிறது. பழையவர்களும் விண்ணப்பித்துப் பெறலாம். ஒரு நாள் என்பது நமக்கு மிகையாகத் தோன்றலாம். எனக்கும் அது கொஞ்சம் தாராளம் என்றே படுகிறது. ஆனாலும் பெயர் வேறு, பலன் வேறு என்ற பிரிவினை அங்கே குழப்பமில்லாமல் இருக்கிறது.

இனி வருபவர்கள்

இதை ஒரு சிறு பிரிவின் குறையாக மட்டும் பார்த்துக் கடந்துபோக முடியாதபடி காலம் நெருங்கிவிட்டது. 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில், முதல் ஆண்டிலேயே 46,000 பேரை எடுப்பதாக அரசு சொன்னது. நான்கு ஆண்டுப் பணி. முடிவில் நான்கில் ஒரு பங்கு வரை நிரந்தரமாக்கப்படுவார்கள். மற்றவர்களுக்கு, வட்டியோடு ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியும் ஒரு சான்றிதழும். ஓய்வூதியம், பணிக்கொடை, இசிஎச்எஸ், கேன்டீன், முன்னாள் படைவீரர் தகுதி எதுவும் கிடையாது என்று சேரும்போதே நிபந்தனையில் எழுதியிருக்கிறது. முதல் அணியினர் 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போனவர்கள். 2026 இறுதியிலிருந்து அவர்கள் ஊர் திரும்பத் தொடங்குவார்கள்.

இருபத்தி மூன்று, இருபத்தி நான்கு வயதில், லடாக்கில் இரண்டு குளிர்காலம் கழித்துவிட்டு வரும் பையனிடம், "நீ படைவீரன் இல்லை, ஆனால் படையில் இருந்தாய்" என்று எப்படிச் சொல்வது? டி.ஏ.காரர்களின் குறையை இத்தனை ஆண்டும் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அவர்கள் சிதறிக் கிடந்தார்கள். பிழைப்பு பார்த்துக்கொண்டு இருந்தார்கள். சங்கம் கட்டத் தெரியவில்லை. அக்னிவீர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் வருவார்கள். அவர்களுக்கென ஒரு தனி இலக்கணம் எழுத வேண்டிவரும்போது, எழுபது ஆண்டுக்கு மேலாக வெளியே நிற்கும் டி.ஏ. வீரரை அதே தாளில் சேர்த்துக்கொள்வதில் என்ன தடை?

அதுவரை டி.ஏ.வில் இருப்பவர்களும் இருந்தவர்களும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை எம்பாடி ஆன தேதி, டிஸ்எம்பாடி ஆன தேதி, அவை பதிவான பார்ட்-2 ஆர்டர் எண், டிஸ்சார்ஜ் சான்று, மருத்துவப் போர்டு தாள்கள் ஆகியவற்றின் நகல்களைப் பத்திரப்படுத்துங்கள். பணியில் இருக்கும்போதே சேவைக் கணக்கை யூனிட் அலுவலகத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். பதினைந்து ஆண்டுக்குச் சில மாதம் குறைவதாகத் தெரிந்தால் அதைக் கேட்க வேண்டிய நேரம், சீருடை உடம்பில் இருக்கும்போதுதான். உடல்நலக் குறைவோடு வெளியே வந்தவர்கள் பாணி ராம் தீர்ப்பின் நகலோடு மனுக் கொடுக்கலாம். சுற்றுச்சூழல் பட்டாலியனில் இருந்தவர்களுக்கு அது நேரடியாகப் பொருந்தும்.

அரசு செய்ய வேண்டியதோ இதைவிடச் சுலபம். 1979ஆம் ஆண்டு விதிகள் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டம் அல்ல. அரசியல் சாசனத்தின் 309ஆம் பிரிவின் கீழ் போடப்பட்ட பணி விதிகள் அவை. திருத்த மசோதா வேண்டாம், வாக்கெடுப்பு வேண்டாம், அரசிதழில் ஓர் அறிவிக்கை போதும். டி.ஏ.வின் மூன்று வகையினர் இலக்கணத்துக்குள் வந்ததும் அப்படி ஓர் அறிவிக்கையின் வழியாகத்தான். நான்காவதாக ஒரு வகையைச் சேர்க்கலாம்: எம்பாடி சேவையை நன்னடத்தையோடு முடித்து விடுவிக்கப்பட்டவர், அடையாள அட்டைக்கும் வறுமை உதவிக்கும் மட்டும். பணியாளர் நலத் துறையும் பாதுகாப்பு அமைச்சகத்தின் முன்னாள் படைவீரர் நலத் துறையும் கூடி உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் வரைவு தயாராகிவிடும். தமிழ்நாட்டிலிருந்து போயிருக்கும் 39 மக்களவை உறுப்பினர்களில் ஒருவர் அடுத்த கூட்டத்தொடரில் இதைக் கேள்வியாக எழுப்பினால், அந்த வரைவு மேசைக்கு வருவதற்கு அதுவே தொடக்கமாக இருக்கும்.